சத்தத்துக்கு நடுவே படிப்பு: கவனக்குறைவுள்ள மாணவருக்கு என்ன வழி?

கவனம் ஓரிடத்தில் தரிக்காத, அதே வேளை சின்னச் சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொள்கிற மாணவரை எப்படிப் படிக்க வைப்பது? இந்தக் கேள்விக்கு இருநூறு வருடங்களுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். சத்தத்தை நிறுத்துங்கள் என்றார்கள் சிலர். பழகிக்கொள்ளட்டும் என்றார்கள் வேறு சிலர். கடந்த ஐம்பது வருடங்களில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள் என்ற எதிர்பாராத பதிலும் வந்து சேர்ந்தது. இவற்றுள் எது எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதில்தான் இன்றும் கருத்து வேறுபாடு.

மருதமுனை போன்ற ஊரில் இது அன்றாடப் பிரச்சினை. வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, கிழக்கே கடல் என்று இறுகிக் கிடக்கும் ஊர் இது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக் குடும்பங்கள் பல உள்ளே நகர, வீடுகள் இன்னும் நெருங்கின. வெக்கையில் ஜன்னலைச் சாத்திவைக்க முடியாது. திறந்தால் பக்கத்து வீட்டுக் கைத்தறியின் தட்டல், மோட்டார் சைக்கிள், சூன் பாண் ஆட்டோவின் மெட்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், திருவிழாக் காலத்தில் பாண்டிருப்புப் பக்கமிருந்து வரும் கோயில் பாட்டு எல்லாம் உள்ளே வரும். தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என மூன்று பரீட்சைகளுக்கும் இதே வீடுகளுக்குள் இருந்துதான் படிக்கிறார்கள். வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அதற்குத் தயாராகும் அறைகள் மட்டும் ஒரே மாதிரியானவை அல்ல.

பழைய பதில்கள்

கவனக் கோளாற்றைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்று, ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட மனநோய் நூலில் இருக்கிறது. கவனத்தை நிலைநிறுத்த முடியாதவர்களை எவை குலைக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டும் போது, ஆட்கள் அறைக்குள் நடமாடுவதும், மேசையை நகர்த்துவதும், கதவு சட்டென்று அடிபடுவதும் அதில் வருகின்றன. அதாவது, சத்தத்தின் மீதான இந்த மிகை உணர்வு கைபேசிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. நோயின் இந்தப் பழைய சித்திரத்திலேயே அது இருந்தது.

அதன் பிறகு வந்தவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகள், இத்தகைய பிள்ளைகளின் அடங்காமையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாக விவரித்தன. நம் ஊர்களில் 'குழப்படிக்காரன்' என்று பெயர் வைப்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தூரம் அதிகமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968இல் துருதுருப்பை முன்னிறுத்தியது. 1980இல்தான் கவனக்குறைவு பெயரிலேயே இடம்பிடித்தது. 1987 முதல் இரண்டும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்ற பெயர் நிலைத்தது.

மதரசா மரபிலும் ஒரு பதில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தவரான இமாம் ஸர்நூஜி, மாணவருக்கான தம் வழிகாட்டி நூலில், அதிகாலையையும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தையும் படிப்புக்கு உகந்தவையாகச் சொல்கிறார். இடத்தை மாற்ற முடியாவிட்டால் நேரத்தை மாற்று என்று இதை விரித்துக்கொள்ளலாம். மஃரிபு தொழுதுவிட்டுப் புத்தகத்தை விரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் வந்த பிறகு அந்த நேரமே நாளின் ஆகச் சத்தமான நேரங்களில் ஒன்றாகிவிட்டது. சுபஹை ஒட்டிய நேரம் மட்டும் பழைய தகுதியை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒரே முறைப்பாடு, வேறு வேறு காரணம்

'சத்தம் கேட்டால் படிக்கேலாது' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்குள் குறைந்தது மூன்று நிலைமைகள் இருக்கலாம். பலரும் இவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் அறிவுரைகள் பலிப்பதில்லை என்று எண்ண இடமுண்டு.

முதலாவது, சத்தம் வலிப்பதில்லை. கவனத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. வாசலில் பேச்சுக் கேட்டால் பிள்ளை பராக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். ஏ.டி.எச்.டி.க்கான அளவுகோல்களில் வெளித்தூண்டலால் எளிதில் குலைவது என்ற இந்தப் பண்பு நேரடியாகவே இருக்கிறது. இரண்டாவது, மற்றவர்களுக்குச் சாதாரணமான சத்தம் காதுக்கு உண்மையாகவே தாங்க முடியாத அளவு பெரிதாகக் கேட்பது. இதைக் காது வைத்தியத்தில் தனி நிலைமையாகவே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம், பேனையைத் தட்டும் சத்தம் போன்ற குறிப்பிட்ட சில ஒலிகள் கோபத்தையும் அருவருப்பையும் கிளப்புவது. இதற்கு மிசோஃபோனியா என்ற பெயரைப் பாவெல், மார்கரெட் யஸ்ட்ரெபோஃப் தம்பதியர் 2001இல் வழங்கினார்கள். நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட வரையறை 2022இல்தான் வெளிவந்தது.

இந்த மூன்றையும் புலன் உணர்வை ஒழுங்குபடுத்துவதில் உள்ள ஒரே சிக்கலாகப் பார்க்கும் போக்கும் உண்டு. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வளர்த்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு அதற்கு வேர். பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல் தந்தது; பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை என்று அது சொன்னது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், புலன் செயலாக்கக் கோளாறு என்று தனியாக நோய் நிர்ணயம் செய்ய வேண்டாம் எனத் தன் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிகுறிகள் ஓட்டிசம், ஏ.டி.எச்.டி., பதகளிப்பு என்று பல நிலைமைகளிலும் தென்படுகின்றன. தனி நோய் என்று பிரித்துக்காட்டப் போதிய சான்று இல்லை என்பது அதன் வாதம். ஓட்டிசத்தின் அளவுகோல்களில் 2013 முதல் புலன் மிகையுணர்வு சேர்க்கப்பட்டது, ஏ.டி.எச்.டி.யில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, சத்தத்தைக் கடுமையாகத் தாங்க முடியாத பிள்ளையிடம் கவனக்குறைவை மட்டும் தேடிவிட்டு நிறுத்துவது போதாது. காது பரிசோதனையும் தேவை. நடுக்காதில் நீர் கட்டியதால் சரியாகக் கேளாத பிள்ளையும் வகுப்பில் கவனமில்லாத பிள்ளையாகவே தெரியும்.

சத்தத்தை அகற்றும் வழி

1947இல் அல்பிரட் ஸ்ட்ரௌஸ், லோரா லெட்டினன் இருவரும் எழுதிய நூல், மூளைக் காயமுள்ளவர்களாகக் கருதப்பட்ட பிள்ளைகளுக்குத் தூண்டல் குறைந்த வகுப்பறையைப் பரிந்துரைத்தது. வில்லியம் குரூக்ஷாங்க் அதை 1961இல் இன்னும் தூரம் கொண்டுபோனார். வெறுஞ்சுவர், மூடிய ஜன்னல், ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பக்கம் தடுத்த மேசை. பொது அறிவுக்கு இது மிகவும் ஒத்துப்போனது. ஆனால் கிடைத்த பலன் எதிர்பார்த்த அளவு இல்லை. பிள்ளைகளின் அலைச்சல் சில வேளை குறைந்தது. கற்றலில் நிலையான முன்னேற்றத்தைக் காட்டுவது கடினமாக இருந்தது.

வீட்டில் இதன் சிறிய வடிவம் காதடைப்பான். பஞ்சு வைப்பதால் அதிகம் பயனில்லை. கடற்பஞ்சு போன்ற மென்மையான காதடைப்பான்கள் கணிசமாகச் சத்தத்தைக் குறைக்கும். படிக்கும் ஒரு மணி நேரத்துக்கு இதில் தவறில்லை. நாள் முழுவதும் அணிந்தால் வேறு கதை. கிரெய்க் ஃபோர்ம்பியும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட பரிசோதனையில், சாதாரணக் கேட்டல் உள்ளவர்கள் இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்த பின் சத்தத்துக்கு முன்பைவிடக் கூச்சம் காட்டினார்கள். மெல்லிய தொடர் இரைச்சலைக் கேட்டவர்களோ முன்பைவிடத் தாங்கினார்கள். காது தன் உணர்திறனைச் சூழலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது. தாங்க முடியாமைக்கு மருந்தாக முழு மௌனத்தைக் கொடுத்தால் தாங்க முடியாமையே வளரக்கூடும் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. பெற்றோர் பலருக்கும் இது எட்டாத செய்தி என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்தத்தைக் கூட்டும் வழி

சிட்னி ஸென்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். துருதுருப்பான பிள்ளைக்குத் தூண்டல் கூடிப்போகவில்லை, போதாமல் இருக்கிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் அது அசைகிறது, பேசுகிறது, பராக்குப் பார்க்கிறது என்றார். இது சரியானால் வெறுஞ்சுவர் வகுப்பறை ஏன் சோபிக்கவில்லை என்பதும் விளங்கும்.

சான்றுகள் கலவையானவை. ஹவர்ட் அபிகோஃப் குழுவினர் 1996இல், ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்களுக்கு இசை, பேச்சு, மௌனம் என மூன்று சூழல்களில் கணக்குக் கொடுத்தார்கள். இசையோடு அவர்கள் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். ஆனால் இசை முதலில் வந்த போது மட்டுமே. மற்றச் சிறுவர்களுக்கு மூன்று சூழலும் ஒன்றாகவே இருந்தன. சுவீடனில் யோரான் சோடர்லுண்டும் சகாக்களும் 2007இல் வெள்ளை இரைச்சலைப் பரிசோதித்தார்கள். வானொலி அலைவரிசை பிடிபடாத போது வரும் 'ஸ்ஸ்' சத்தம்தான் அது. கவனக்குறைவுள்ள பிள்ளைகளின் நினைவாற்றல் அதனால் மேம்பட்டது, மற்றப் பிள்ளைகளுடையது குறைந்தது. ஜோயல் நிக்கும் குழுவினரும் 2024இல் 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த போதும் இதே திசைதான் தெரிந்தது: கவனக்குறைவு உள்ளவர்களுக்குச் சிறிய நன்மை, இல்லாதவர்களுக்கு ஏறத்தாழ அதே அளவு சிறிய தீமை. இணையத்தில் பெரிதாகப் பேசப்படும் பழுப்பு இரைச்சலைப் பற்றி அந்தத் திரட்டில் சேர்க்கத்தக்க ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நன்மை சிறியது. மதிப்பெண்களைத் தலைகீழாக மாற்றும் என்று எதிர்பார்ப்பது வீண். இரண்டாவது, சோடர்லுண்டின் பரிசோதனைகளில் இரைச்சல் ஏறத்தாழ 80 டெசிபல். பாதுகாப்பான கேட்டலுக்கு உலக சுகாதார அமைப்பு பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஆய்வுகூடத்தில் சில நிமிடம் கேட்டதை ஹெட்ஃபோனில் உயர்தரப் பரீட்சை முடியும் வரை கேட்கச் சொல்வது காதுக்குக் கேடு.

நம் வீடுகளில் இந்தத் தொடர் இரைச்சல் வேறு வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. மேலே சுழலும் மின்விசிறி காற்றோடு சேர்த்து ஒரு சீரான இரைச்சலையும் தருகிறது; பக்கத்து வீட்டுப் பேச்சின் விளிம்புகளை அது மழுக்கிவிடுகிறது. கரையோர வீடுகளுக்கு வாடைக் காலத்துக் கடல் அதையே செய்கிறது. கரண்ட் போனவுடன் பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்குவதற்கு வெக்கை மட்டும் காரணமாக இருக்காது. அதுவரை மூடிக்கிடந்த எல்லாப் பேச்சும் அப்போது தெளிவாகக் கேட்கத் தொடங்குகிறது.

இடைஞ்சலில் பேச்சுக்குத் தனி இடம்

இந்த விவாதத்தில் அதிகம் பயன்படக்கூடிய கண்டுபிடிப்பு ஏ.டி.எச்.டி. ஆய்விலிருந்து வரவில்லை. நினைவாற்றல் ஆய்விலிருந்து வந்தது. 1976இல் கோல், வெல்ஷ் இருவரும், 1982இல் சலாமே, பேட்லி இருவரும் காட்டியது இது: வரிசையாக எதையேனும் மனதில் வைத்திருக்கும் போது, காதில் விழும் பேச்சு அந்த வரிசையைக் குலைக்கிறது. கேட்பவர் அதைப் பொருட்படுத்தாவிட்டாலும், விளங்காத மொழியாக இருந்தாலும் குலைக்கிறது. வெறும் இரைச்சல் அந்த அளவுக்குக் குலைப்பதில்லை. வாசித்து விளங்கிக்கொள்ளும் வேலையென்றால், விளங்கும் மொழிப் பேச்சு இன்னும் கூடுதலாக இடைஞ்சல் தருவதாகப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன.

கைத்தறியின் தட்டலையும் ஒலிபெருக்கி அறிவித்தலையும் டெசிபல் கணக்கில் ஒன்றாக வைத்துப் பார்ப்பது ஆகவே தவறாகலாம். தறி ஒரே தாளத்தில் போகிறது. அடுத்த தட்டல் எப்போது வரும் என்று காதுக்குத் தெரியும். அறிவித்தலோ எதிர்பாராமல் வருகிறது, தமிழில் வருகிறது, யார் மௌத்தானார் என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. பக்கத்து அறையில் ஓடும் தொலைக்காட்சி நாடகமும் இந்த வகைதான். உரத்து ஒலிப்பது எது என்று தேடுவதற்கு முன், பேசுவது எது என்று தேடுவதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதற்கு எதிரான மரபு ஒன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஹிஃப்ழு மதரசாவில் இருபது பிள்ளைகள் ஒரே கூடத்தில், ஒவ்வொருவரும் வேறு வேறு பகுதியைச் சத்தமிட்டு ஓதி மனனம் செய்கிறார்கள். அது எப்படிச் சாத்தியமாகிறது? இருபது குரல் கலந்தால் ஒரு குரலும் தெளிவாகக் கேட்காது. அது பேச்சாக இல்லாமல் இரைச்சலாக மாறிவிடுகிறது. தவிர, சொந்தக் குரல் காதுக்கு மிக அருகில் இருக்கிறது. உரக்க வாசித்த சொல் மனதில் வாசித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்பதைக் கொலின் மக்லியோட் குழுவினர் 2010இல் ஆய்வில் உறுதிப்படுத்தினார்கள். 'சத்தமாப் படி, எனக்குக் கேட்கணும்' என்று குசினியிலிருந்து உம்மா சொல்வதற்கு இப்படி ஒரு பக்கபலம் இருக்கிறது. ஆனால் இது மனனத்துக்குத்தான். பந்தியை விளங்கி வாசிப்பதற்கும் கணக்குச் செய்வதற்கும் வாய்விட்டு ஓதும் முறை அதே அளவு உதவும் என்று நீட்ட முடியாது. ஹிஃப்ழுக் கூடத்தில் நிலைக்க முடியாமல் விலகிய பிள்ளைகளையும் கணக்கில் எடுக்காமல் அந்த மரபை மெச்சவும் கூடாது.

சத்தத்தின் மீது தனக்குக் கட்டுப்பாடு உண்டு என்ற உணர்வும் முக்கியமானது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972இல் வெளியிட்ட பரிசோதனைகளில், எதிர்பாராத சத்தத்தைக் கேட்டவர்கள் அதன் பின் கொடுத்த வேலையில் விரைவில் சோர்ந்தார்கள். வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் அப்படிச் சோரவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் பொத்தானை அழுத்தவே இல்லை.

ஊரின் பொறுப்பு

எல்லாவற்றையும் பிள்ளையின் காதிலும் மூளையிலும் தேடுவதில் ஒரு அநீதி இருக்கிறது. நியூயோர்க்கில் மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய பாடசாலை ஒன்றை ஆர்லின் பிரொன்ஸாஃப்ட் 1975இல் ஆராய்ந்தார். ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். சத்தத்தைக் குறைக்கும் வேலைகள் நடந்த பின் அந்த இடைவெளி மறைந்ததை 1981இல் பதிவு செய்தார். மியூனிக்கின் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்ட பிறகு அயலிலிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்துக்கு அருகில் அவை சரிந்தன. இந்தப் பிள்ளைகள் கவனக்குறைவு உள்ளவர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சாதாரணப் பிள்ளைகள்.

வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல். அரைச்சுவரும் தகரமோ ஷீட்டோ வேய்ந்த கூரையும் கொண்ட நம் வகுப்பறையில், பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பாடமும் சேர்ந்தே கேட்கிறது. இலங்கையின் 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என எல்லை வகுத்தன. கல்முனை மாநகர சபைக்குள் வரும் மருதமுனைக்கும் அதுவே அளவு. பாடசாலை, வைத்தியசாலை, பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை அமைதி வலயம். அங்கே பகலுக்கு 50, இரவுக்கு 45.

ஒலிபெருக்கியைப் பற்றிய முக்கியத் தீர்ப்பு 2007 நவம்பரில் வந்தது. வெலிகமையில் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்றும், விசேட சமய நிகழ்வுகளுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு அளிக்கலாம் என்றும் பணித்தது. தீர்ப்பு எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. என்றாலும் அதைச் சமயங்களுக்கிடையிலான பூசலாக மாற்ற முனைவோர் இருப்பதால், இதைப் பேசவே நம்மவர் தயங்குகிறார்கள். தயக்கம் விளங்கக்கூடியது. ஆனால் இதற்கான ஆதாரம் நம் மரபுக்குள்ளேயே உண்டு. பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், சிலர் உரத்து ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சல் தர வேண்டாம் என்று தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. குர்ஆன் ஓதலுக்கே அந்த வரம்பு என்றால், கூட்ட அறிவித்தலுக்கும் மணிக்கணக்கான சொற்பொழிவுக்கும் வெளி ஒலிபெருக்கி தேவையா என்று கேட்பதில் பிழையில்லை. சவூதி அரேபியா 2021இல் வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுப்படுத்தியது. பாங்கு சில நிமிடம், வரும் நேரமும் தெரியும். பிரச்சினை அதுவல்ல.

மருந்து

மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் கவனக்குறைவின் முக்கிய அறிகுறிகளைக் குறைக்கின்றன. 579 பிள்ளைகளோடு நடந்து 1999இல் வெளியான அமெரிக்காவின் எம்.டி.ஏ. ஆய்வு இதற்குப் பெயர்பெற்ற சான்று. சத்தம் கவனத்தைப் பறிக்கும் பிள்ளைக்கு இதனால் மறைமுகமாக உதவி கிடைக்கலாம். சத்தம் வலிக்கும் பிள்ளைக்கும், சில ஒலிகளால் கோபம் கிளம்பும் பிள்ளைக்கும் இதையே சொல்லத் தக்க வலுவான சான்று இல்லை. முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியர்.

தீராமல் நிற்பவை

இரைச்சலால் வரும் சிறிய நன்மை மாதக்கணக்கில் நீடிக்குமா, அல்லது அபிகோஃபின் சிறுவர்களுக்கு இசை போல விரைவில் வலுவிழக்குமா என்பது தீரவில்லை. எந்தப் பிள்ளைக்கு மௌனம், எந்தப் பிள்ளைக்கு இரைச்சல் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனையும் இல்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை மூடிய, குளிரூட்டிய அறைகளில், தனியே இருந்த பிள்ளைகளிடம் நடந்தவை. எட்டுப் பேர் இருக்கும் கரையோர வீட்டுக்கு அவற்றைக் கொண்டுவரும் போது நிதானம் வேண்டும்.

இருந்தாலும் காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. எந்தச் சத்தம், எந்த நேரம், என்ன பாடம் என்று ஒரு வாரம் பிள்ளையைக் கொண்டே குறித்துவையுங்கள். காதைப் பரிசோதித்துவிட்டு அந்தக் குறிப்போடு அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், மின்விசிறியை விடுங்கள், காதடைப்பானைப் படிப்பு முடிந்ததும் கழற்றச் சொல்லுங்கள். பாடசாலைகள் அத்தகைய பிள்ளையைப் பாதையோர ஜன்னலுக்கு அருகில் உட்கார வைக்காமல் விடலாம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோயில் நிருவாகங்களும் பரீட்சை மாதங்களில் பாங்கையும் பூசை மணியையும் தவிர்த்த மற்ற அறிவித்தல்களுக்குக் குறித்த ஒரு நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்தை ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க முடியும். அதற்குச் சட்டமும் தேவையில்லை, செலவும் இல்லை. அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு முன் இதையாவது செய்யுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.